காத்தருளும் சட்டத்துக்கு ஒரு வாழ்த்து

அரசு எதைச் செய்தாலும் ஆமை வேகம் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு 2025 நவம்பர் 14 நல்ல பதில் கொடுத்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் வெளியான நாள் அது. ஒரே வேலை, இரண்டு வேகம். உங்கள் செல்பேசி எண்ணை வாங்கி வைத்திருக்கும் நிறுவனம் அதை எப்படிப் பத்திரப்படுத்த வேண்டும், திருடுபோனால் உங்களிடம் என்ன சொல்ல வேண்டும், "என் விவரத்தை அழித்துவிடு" என்று நீங்கள் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்கிற பிரிவுகளுக்கெல்லாம் 18 மாத அவகாசம். 2027 மே வரை நிதானமாகத் தயாராகலாம். ஆனால் இதே சட்டத்துக்குள் 44(3) என்று ஒரு பிரிவு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஓர் உட்பிரிவை வெட்டிச் சுருக்குவதுதான் அதன் வேலை. அதற்கு 18 மாதமும் தேவைப்படவில்லை, 18 நாளும் தேவைப்படவில்லை. கையோடு அமலுக்கு வந்துவிட்டது.

முக்கியமானதை முதலில் செய்வதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

இந்தச் சட்டம் பிறந்த கதையே ஒரு பெருந்தன்மையின் கதை. கே.எஸ். புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி, எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2012இல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது 2015இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர், அந்தரங்கம் என்பது அரசமைப்பு தந்த அடிப்படை உரிமையே அல்ல என்று வாதாடினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்த குரலில், அடிப்படை உரிமைதான் என்று சொல்லிவிட்டார்கள். தோற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது உலக வழக்கம். நம் அரசு அப்படிப்பட்டதல்ல. தீர்ப்பை மனதார ஏற்றுக்கொண்டது. இத்தனை உயர்ந்த உரிமையை முதலில் யாருக்குக் கொடுக்கலாம் என்று எட்டு வருடம் யோசித்தது. கடைசியில் தன் அலுவலகங்களுக்கே கொடுத்துக்கொண்டது.

எட்டு வருடமும் சும்மா இருந்ததாக யாரும் நினைக்கக் கூடாது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் ஒரு வரைவு கொடுத்தது. 2019இல் அதை மாற்றி ஒரு மசோதா வந்தது. மாற்றியதைப் பார்த்த ஸ்ரீகிருஷ்ணாவே, இது குடிமக்களைக் கண்காணிக்கும் அரசை உண்டாக்கிவிடும் என்று பயந்தார். வயதானவர்களுக்கு வரும் பயம்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிறகு நாடாளுமன்றக் கூட்டுக்குழு இரண்டு வருடம் உட்கார்ந்து 2021 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2022 ஆகஸ்டில் மசோதாவையே திரும்பப் பெற்றார்கள். 2023 ஆகஸ்ட் 3 அன்று புது மசோதா வந்தது. 7ஆம் தேதி மக்களவை, 9ஆம் தேதி மாநிலங்களவை, 11ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பு. எதிர்க்கட்சிகள் மணிப்பூர், மணிப்பூர் என்று கத்திக்கொண்டிருந்ததால் விவாதம் என்ற பெயரில் யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. 140 கோடிப் பேரின் அந்தரங்கம் ஒன்பதே நாளில் பாதுகாக்கப்பட்டது.

சட்டத்தின் நடையையும் சொல்லியாக வேண்டும். இந்தியச் சட்ட வரலாற்றிலேயே முதல்முறையாக, குடிமக்கள் அனைவரையும் இந்தச் சட்டம் பெண்பாலில் சுட்டுகிறது. பெண்களுக்குத் தரும் மரியாதை என்று அமைச்சர் பெருமையோடு சொன்னார். பொய்யில்லை. இந்த நாட்டில் பெண்ணுக்கு என்னென்ன மரியாதை உண்டோ அத்தனையும் இதில் குடிமகனுக்குக் கிடைக்கிறது. பொறுத்திரு என்கிறது. உன் நன்மைக்குத்தான் என்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் கேள்வி கேட்காதே என்கிறது. உனக்கு வர வேண்டிய பணத்தை நான் வைத்துக்கொள்கிறேன் என்கிறது.

பணம் என்றதும் அபராதப் பிரிவு நினைவுக்கு வருகிறது. தரவைச் சரியாகப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். தொகையைக் கேட்டாலே நெஞ்சு நிமிர்கிறது. தொண்டைமானின் ஆயுதச் சாலையில் நெய் பூசி, மாலை சூட்டி வைத்திருந்த வேல்களை ஔவையார் பார்த்து வியந்தாரே, அப்படி வியக்கலாம். ஒன்றிலும் ஒரு கீறல் கிடையாது.

அபராதம் வந்தால் யாருக்குப் போகும் என்பதில்தான் சட்டத்தின் நுட்பம் தெரிகிறது. துணிக்கடை பில் கவுன்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக் கூட்டம். பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். "ஃபோன் நம்பர் சொல்லுங்கக்கா." சொல்லாமல் பில் வராது. பத்து இலக்கத்தையும் கூட்டத்துக்கே கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும், கவுன்ட்டர் பையன் அதைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பான். பேர் கேட்பான், பிறந்த நாள் கேட்பான், கல்யாண நாளும் கேட்பான். மறு வாரமே ஒரு குரல் உங்களைப் பெயர் சொல்லி அழைத்து, உங்களுக்கு ஐந்து லட்சம் லோன் பாஸாகிவிட்டது என்று வாழ்த்தும். எங்கிருந்து போனது என்று நீங்கள் தேடிக் கண்டுபிடித்து, புகார் கொடுத்து, இந்தச் சட்டம் அமைக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, நிறுவனம் குற்றவாளி என்று முடிவாகி, அபராதமும் கட்டிவிட்டது என்று வையுங்கள். அந்தப் பணம் முழுக்க இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. ஸ்ரீகிருஷ்ணா வரைவில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று ஒரு பிரிவு இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. 2023இல் எடுத்துவிட்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று இழப்பீட்டுக்கு ஒரு பழைய வழி இருந்ததே என்று சிலர் நினைவுபடுத்துவார்கள். அதையும் இந்தச் சட்டமே நீக்குகிறது. இதில் வரும் விஷயங்களுக்கு சிவில் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. மக்களைப் பேராசையிலிருந்து காப்பாற்றுவதும் ஒரு பாதுகாப்புதானே.

2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் செயலியில் பாட் எனப்படும் தானியங்கிக் கணக்குகளில் கிடைத்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவு தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் அறிவித்தார். ஒருவருடைய சர்க்கரை அளவும் அறுவை சிகிச்சையும் ஊரறிந்தால், அவமானப்பட்டவர் அவர் என்று நமக்குத் தோன்றும். சட்டத்தின் பார்வை விசாலமானது. இனி இப்படி நடந்தால் புண்பட்டது அரசின் மனம். ஆறுதல் தொகையும் அங்கேதான் போகும்.

குடிமகனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. அவனுக்கும் கடமைகள் தந்திருக்கிறார்கள். 15ஆம் பிரிவு. பொய்யான, அற்பமான புகார் கொடுக்கக் கூடாது. விண்ணப்பத்தில் விவரத்தை மறைக்கக் கூடாது. மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்டவனுக்கு அபராதம் விதிக்க இடம் வைத்த தரவுப் பாதுகாப்புச் சட்டம்! அற்பமான புகார் எது என்பதை வாரியம் முடிவு செய்யும். வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் ஒன்றிய அரசு நியமிக்கும். பதவிக்காலம் இரண்டு வருடம், மறுநியமனத்துக்குத் தகுதி உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை நீட்டிப்புக்குக் காத்திருப்பவர், அந்த நீட்டிப்பைத் தருகிறவர் மீது வரும் புகாரை எவ்வளவு அச்சமில்லாமல் விசாரிப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியொரு தர்மசங்கடம் வராமலிருக்கவும் வழி செய்திருக்கிறார்கள். 17ஆம் பிரிவின்படி, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது அமைதி ஆகியவற்றின் பெயரில் தன் எந்த அமைப்பையும் இந்தச் சட்டத்திலிருந்தே ஒன்றிய அரசு விலக்கிவிடலாம். மானியம், சலுகை, சான்றிதழ் என்று எதையாவது தருவதற்காக என்றால், ஏற்கெனவே ஏதோ ஒரு திட்டத்துக்குக் கொடுத்த விவரத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள ஒப்புதலே கேட்க வேண்டாம். ஒப்புதல் கேட்பதெல்லாம் அந்நியர்கள் செய்யும் வேலை. அரசு நம் வீட்டு மனிதர்.

அந்நியர்கள் கேட்கும்போதும் தமிழன் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. இதுவரை புரியாத மொழியில் பறிகொடுத்தோம். இனி செந்தமிழில் படித்துப் பார்த்துவிட்டுப் பறிகொடுக்கலாம்.

வீட்டு மனிதர் நம் விவரத்தை எப்படி வைத்திருப்பார் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு பாட் முளைத்தது. செல்பேசி எண்ணைத் தட்டினால் அந்த எண்ணில் தடுப்பூசி போட்டவர் பெயர், காட்டிய அடையாள அட்டையின் எண், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்து விழுந்தன. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் முழுப் பாதுகாப்போடு இருக்கிறது, செய்திகள் ஆதாரமற்றவை, விஷமத்தனமானவை என்று சுகாதார அமைச்சகம் சொன்னது. அதே மாதம் இது தொடர்பாக பிகாரைச் சேர்ந்த ஒருவரை டெல்லி போலீஸ் கைது செய்தது. கசியாத தகவலைக் கசியவிட்டவரையும் பிடித்துவிடும் போலீஸ் வேறு எந்த நாட்டில் இருக்கிறது?

இணைய உரிமை பேசும் இளைஞர்களுக்கு இதெல்லாம் பிடிப்பதில்லை. அவர்களைக் கெடுத்தது 2015. இணையத்தில் எல்லாத் தளங்களும் சமம் என்ற கோரிக்கையோடு அந்த வருடம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போயின. ஆணையம் வெகுளியாக அத்தனையையும் வெளியிட்டது, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து! போதாததற்கு அவர்கள் பேச்சைக் கேட்டு 2016 பிப்ரவரியில், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' வாசலையும் சாத்தியது. கருத்துச் சொன்னால் காது கொடுப்பார்கள் என்ற கெட்ட பழக்கம் அப்போது தொற்றியதுதான்.

தரவுச் சட்டத்தில் அந்தத் தவறு நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். 2022இல் வரைவு வெளியானபோது கருத்துக் கேட்டார்கள். 2025 ஜனவரியில் வரைவு விதிகள் வந்தபோதும் கேட்டார்கள். வந்த கருத்துகளை நம்பிக்கையின் பேரில் காத்து வைப்போம், எவருக்கும் வெளியிட மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். விதிகளுக்கு மட்டும் 6,915 கருத்துகள் வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். பெரிய கம்பெனி என்ன கேட்டது, கிராமத்துக்காரர் என்ன கேட்டார், யார் கேட்டது விதியானது என்பதெல்லாம் பரம ரகசியம். இந்த நாட்டில் ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்ட தரவு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் இனி கைகாட்ட ஓர் இடம் இருக்கிறது.

இனி கிரீடத்துக்கு வருவோம். 44(3).

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. (அதற்கு எட்டு வருடம் முன்பே, 1997இல், விதிவிலக்குகள் மண்டிய ஒரு சட்டத்தைத் தமிழ்நாடு போட்டுவிட்டது. முந்திக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.) 2005 சட்டத்தின் வேர் ராஜஸ்தான் கிராமங்களில் இருக்கிறது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பு 1994 முதல் ஊர்ப் பொதுவில் ஷாமியானா போட்டு, வேலைக்கு வந்தவர்களின் மஸ்டர் ரோலைச் சத்தமாக வாசித்தது. பெயர், வேலை செய்த நாள், வாங்கிய கூலி. அவ்வளவுதான். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, அந்த ஆள் செத்து எத்தனையோ வருடமாகிறதே என்பார். இன்னொருவர், அது என் பெயர்தான், ஆனால் நான் அந்த வேலைக்குப் போனதே இல்லை என்பார். செத்தவர்கள் மண் சுமந்து கூலி வாங்கிய அதிசயம் இப்படித்தான் வெளியே வந்தது.

பண்பற்ற காலம். ஒருவருடைய பெயரை, அவர் வாங்கிய கூலியை, அதுவும் அவர் இறந்த பிறகு, ஒப்புதல் பெறாமல் ஊர் நடுவில் வாசிப்பதா? எத்தனை காண்ட்ராக்டர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

2005 சட்டம் அந்தப் பண்பின்மையை முழுசாகக் களையவில்லை. 8(1)(ஜே) என்ற பிரிவின்படி தனிப்பட்ட தகவலை மறுக்கலாம். ஆனால் அதற்கும் பொது நடவடிக்கைக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது வெளியிடுவது தேவையில்லாமல் அந்தரங்கத்தில் தலையிடுவதாக இருக்க வேண்டும். பெரிய பொதுநலன் இருந்தால் அப்போதும் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு மேல் ஒரு வாலையும் ஒட்டியிருந்தார்கள்: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது. ஒவ்வொரு மனுவிலும் இதையெல்லாம் எடைபோட வேண்டிய பொதுத் தகவல் அலுவலரின் நிலைமையை யாராவது நினைத்தீர்களா? அவருக்கு வேறு வேலையே கிடையாதா?

புதிய திருத்தம் அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டது. நிபந்தனையும் வாலும் போயின. தனிநபர் தகவல் தொடர்பானது என்றால் மறுக்கலாம், முடிந்தது. இனி மனு வந்ததும் அலுவலர் ஒன்றே ஒன்றைப் பார்த்தால் போதும்: இதில் ஏதாவது மனிதப் பெயர் வருகிறதா? எங்கள் ஊராட்சியில் வீடு கட்டும் திட்டத்தில் பணம் வாங்கியவர்களின் பட்டியல் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். பட்டியலில் பெயர்கள் இருக்கின்றன. பாலத்துக்கு டெண்டர் எடுத்தவர் யார், பில்லில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் யார் என்று இன்னொருவர் கேட்கிறார். காண்ட்ராக்டரும் மனிதர், பொறியாளரும் மனிதர். "தாங்கள் கோரிய விவரம் தனிநபர் தகவல் தொடர்பானது என்பதால் வழங்க இயலாது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." ஒரு வரி. ஒருமுறை தட்டச்சு செய்து வைத்தால் ஓய்வு பெறும்வரை வரும். மனிதர்கள் சம்பந்தப்படாத தகவலைத் தாராளமாகக் கேட்கலாம். பாலத்தின் நீளம், அகலம், இடிந்த தேதி.

பழைய சட்டத்தை வைத்துக்கொண்டே சாமர்த்தியசாலிகள் எவ்வளவோ காப்பாற்றினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2025 ஆகஸ்டில், திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, பிரதமரின் பட்டப்படிப்பு விவரத்தைத் தர வேண்டியதில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் பல்கலைக்கழகம் வென்றது. அவ்வளவு பெரிய இடத்துக்குப் பெரிய வழக்கறிஞர்கள் கிடைப்பார்கள். பஞ்சாயத்து கிளார்க்குக்கு யார் இருக்கிறார்கள்? அந்த ஏற்றத்தாழ்வைத்தான் திருத்தம் சமன் செய்திருக்கிறது. சமூக நீதி என்றால் இது.

பத்திரிகைக்காரர்களையும் பண்படுத்த மறக்கவில்லை. முந்தைய வரைவுகளில் செய்திப் பணிக்கு விலக்கு இருந்தது. 2023 சட்டத்தில் அது இல்லை. எடிட்டர்ஸ் கில்டு எழுதிப் பார்த்தது. அவர்களுக்கு இதன் அழகு பிடிபடவில்லை. இனி மணல் கொள்ளை பற்றி எழுதும் நிருபர், கொள்ளையடித்தவரிடம் போய், "ஐயா, உங்கள் பெயரையும் லாரி நம்பரையும் இந்த நோக்கத்துக்காகப் பயன்படுத்திக்கொள்ளலாமா? எந்த நேரத்திலும் ஒப்புதலைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு" என்று தமிழில் எழுதிய அறிவிப்பை நீட்டிக் கையெழுத்து வாங்கலாம். கலாசாரம் என்பது இப்படி ஒருவரையொருவர் மதிப்பதில்தான் வளரும்.

எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 2025இல் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். தகவல் உரிமை அமைப்புகள் தெருவில் நின்றன. கவலைப்படாதீர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) என்ற பிரிவு அப்படியேதான் இருக்கிறது என்று அரசுத் தரப்பு ஆறுதல் சொல்கிறது. இருக்கிறது, உண்மை. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தர 'அனுமதிக்கலாம்' என்று அதில் எழுதியிருக்கிறது. தர வேண்டும் என்று இல்லை. மனமிருந்தால் கொடுக்கலாம் என்று ஒரு சட்டம் சொல்கிறபோது, நம் அலுவலகங்களில் அந்த மனம் எப்படிப் பொங்கி வழியும் என்பதை ஒருமுறையாவது வருவாய்த் துறைக்குப் போய் வந்தவர்கள் அறிவார்கள்.

வாழ்த்தியது போதும். மனு எழுதும் வழக்கமுள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் கட்டணம் இன்றும் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்தான், ஏற்றவில்லை. மனுவிலேயே 8(2)ஐ எழுதி, கேட்கும் தகவலில் என்ன பொதுநலன் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கு ஸ்டாம்பும் ஒட்ட வேண்டாம்.